கணக்கில் வராத பதினைந்து கேள்விகள்

திரையில் முதலில் தெரிந்தது எண்ணா, அதற்குக் கீழே இருந்த சொல்லா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எண்தான் என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். அறுநூற்று எண்பத்திரண்டு. ஆனால் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கும்போது, 'தேர்ச்சி பெறவில்லை' என்பதுதான் முதலில் கண்ணில் விழுந்தது என்றும், அதைப் பார்க்காதவன் போல எண்ணைத் தேடிப் போனேன் என்றும் சில சமயம் தோன்றுகிறது. எது முதலில் என்றாலும் பிறகு நடந்தது ஒன்றுதான். ஆகவே எண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மற்ற நிறுவனங்களின் கணினிகளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்தில், கண்காணிப்புப் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பச்சையாக இருப்பது மஞ்சளானால் ஒருவரை அழைக்க வேண்டும். சிவப்பானால் எல்லோரையும் அழைக்க வேண்டும். பச்சையாகவே இருந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்குப் பொருத்தமான வேலை. மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் இருக்கும்.

அந்த மாதத் தொடக்கத்தில் மேலாளர் எங்கள் பிரிவின் ஐந்து பேரையும் கண்ணாடி அறைக்கு அழைத்தார். புதிய வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார், அவருடைய வேலையைத் தொடும் ஒவ்வொருவரும் கிளவுட் நிர்வாகத்துக்கான சான்றிதழ் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, முப்பதாம் தேதிக்குள் சான்றிதழைக் காட்டுகிறவர்கள் பிரிவில் தொடர்வார்கள் என்றார். காட்டாதவர்கள் என்ன ஆவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு வக்கீல் மட்டும் என் காதருகே சொன்னார்.

"வாக்கியத்தைப் பாதியில நிறுத்திட்டாரு பாத்தீங்களா சார். மீதிப் பாதி நம்மளோடது."

வக்கீல் உண்மையில் வக்கீல் இல்லை. என் பக்கத்து இருக்கைக்காரர். தேநீர் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினால் சூடாக வரும் என்பதற்குக்கூட வாதாடுவார் என்பதால் அந்தப் பெயர்.

பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, முதல் முறை எழுதினேன். தேர்வு மையம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. மேற்பார்வையாளர் அம்மாள் என் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார், சட்டைக் கையை முழங்கைவரை மடிக்கச் சொன்னார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் காம்புகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கடைசியில் தலையைச் சாய்த்துக் காதுகளைக் காட்டச் சொன்னார். குற்றம் செய்யாமலே பிடிபட்டவன் மாதிரி உள்ளே போனேன்.

அறுபத்தைந்து கேள்விகள், நூற்று முப்பது நிமிடங்கள். பதினோராவது கேள்வியில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு சேவையின் பெயர் இருந்தது. நான்கு விடைகளும் ஒன்றின் நிழல் இன்னொன்று போல இருந்தன. இத்தனை நாள் படித்ததில் இது எப்படித் தப்பியது என்று கேள்வியை மறுபடி முதலிலிருந்து படித்தேன். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பாதியில் வைத்த புத்தகத்தையே தாங்க முடியாதவன் நான். அந்த ஒரு கேள்வியில் பதினெட்டு நிமிடங்கள் போயின. கடைசியில் ஏழு கேள்விகளைத் தொடாமலே நேரம் முடிந்தது.

முடிந்ததும் முடிவைக் காட்டுவார்கள் என்று நினைத்தேன். அதற்கு முன் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. அறையின் வெப்பநிலை எப்படி இருந்தது? ஊழியர்கள் கனிவாக நடந்துகொண்டார்களா? விறைத்துப்போன விரல்களால் எல்லாவற்றுக்கும் 'மிகவும் திருப்தி' என்று அமுக்கினேன். அந்த நேரத்தில் இயந்திரத்தைப் பகைத்துக்கொள்ளத் துணிச்சல் இல்லை.

அப்புறம்தான் அறுநூற்று எண்பத்திரண்டு. தேர்ச்சிக்கு எழுநூறு வேண்டும்.

இரண்டு தாள்களை அச்சிட்டு என் கையில் கொடுத்தார்கள். படியிறங்கும்போதே தொலைபேசி அடித்தது. மாமா. என் மனைவியின் அப்பா. அஞ்சலகத்தில் முப்பத்து மூன்று வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவர். ஓய்வுபெற்று எங்களோடு இருந்தார். அவர் முதலில் கேட்டதே எண்ணைத்தான்.

"எவ்வளவு மாப்பிள்ளை?"

"அறுநூத்தி எண்பத்திரண்டு மாமா."

"எவ்வளவுக்கு?"

"ஆயிரத்துக்கு."

நான் அடுத்த வாக்கியத்துக்காக மூச்சை இழுத்தேன். அதற்குள் அவர் தொலைபேசியை வாயிலிருந்து விலக்கி வீட்டுக்குள் சத்தமாகச் சொல்வது கேட்டது.

"அறுபத்தெட்டு சதவீதம்மா. ஃபர்ஸ்ட் கிளாஸ். எங்க காலத்துல அறுபது வாங்கினவனைத் தெருவுல திரும்பிப் பார்ப்பாங்க."

பல் மருத்துவமனையின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே எதையோ ராவும் சத்தம் கேட்டது. நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னேன். பிறகு பேசாமல் இருந்தேன். வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்துவந்திருக்கிறேன், யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போவதற்குள் மாமா யார் யாரையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. மனைவி வாசலில் நின்று சிரித்தாள். நிற்கும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொள்வது அவள் வழக்கம். அவள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். காலை ஏழிலிருந்து மூன்றுவரை அங்கே. ஐந்திலிருந்து ஒன்பதுவரை வேறொரு தனியார் லேபில். இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு எட்டு மாதம் வேலையில்லாமல் போனபோது அந்தச் சாயங்கால வேலையைப் பிடித்தாள். எனக்கு வேலை கிடைத்த பிறகும் அதை விடவில்லை. மறுபடி இப்படி ஆகாது என்று தெரிந்தால் விடுகிறேன் என்பாள். கேட்கும்போது எனக்குக் குத்தும். நியாயமாகவும் இருக்கும்.

"மாசக் கடைசியோட சாயங்கால லேபுக்கு ஒரு கும்பிடு" என்றாள். "இனிமே கால் வீங்கினா அது வயசுனாலதான்."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். உள்ளே போய் அந்த இரண்டு தாள்களையும் மடித்து, வீட்டில் படித்துக்கொண்டிருந்த தடித்த புத்தகத்தில் நான் நிறுத்தியிருந்த முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்தேன். என் புத்தகங்களை வீட்டில் யாரும் திறக்கமாட்டார்கள். அதைவிடப் பத்திரமான பூட்டு எனக்குத் தெரியாது.

தோற்றவர் மறுபடி எழுதப் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. பதினான்கும் பதினான்கும் இருபத்தெட்டு. முப்பதாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால். ஒரே ஒரு வாய்ப்பு. அன்றே பதிவு செய்தேன். அலுவலகத்தில் மேலாளரிடம், தேர்வு இருபத்தெட்டாம் தேதிக்கு என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

அதன் பிறகு பயம் எனக்குள் குடிவந்தது. காலையில் கண் விழிக்கும் முன்பே விழித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கும். பல் தேய்க்கும்போது, மாமா செய்தித்தாளைத் தட்டி மடிக்கும்போது, மனைவி வீட்டுச் சாவியைத் தேடும்போது, இதோ இப்போது கேட்கப்போகிறார்கள் என்று தோன்றும். வேலையில் ஒரு திரை மஞ்சளானால்கூட எழுந்து நின்றுவிடுவேன். ஒருநாள் மாமாவின் தம்பி மகன், இதே துறையில் இருப்பவன், என்னை வாழ்த்தக் கூப்பிட்டான். தேர்ச்சி மதிப்பெண் எழுநூறு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். தொலைபேசி மூன்று முறை அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

வக்கீலிடம் ஒருநாள், என் நண்பர் ஒருவருக்கு அறுநூற்று எண்பத்திரண்டு வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். வக்கீலுக்கு இருபத்தொன்பதாம் தேதிதான் தேர்வு. அதுவரை அடுத்தவர் தேர்வுகளைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். ஒரு காகிதத்தில் வகுத்தார்.

"ஆயிரத்தை அறுபத்தஞ்சால வகுத்தா ஒரு கேள்விக்குப் பதினஞ்சு சொச்சம். உங்க ஃப்ரெண்டுக்குப் பதினெட்டு குறையுது. அப்ப ஒண்ணேகால் கேள்வி சார். அந்தக் கால் கேள்வியை எங்க போய் வாங்கறதுன்னுதான் தெரியல."

பிறகு, குரலைத் தாழ்த்தி இன்னும் சொன்னார். ஒரு முறை தோற்றவனின் பெயர் இயந்திரத்துக்கு ஞாபகம் இருக்குமாம். இரண்டாம் முறை கடினமான கேள்விகளாகத்தான் கொடுக்குமாம். சுலபமாக வந்தால் இன்னும் ஆபத்தாம். இவன் தேறமாட்டான் என்று முடிவு செய்து சும்மா உட்காரவைத்திருக்கிறது என்று பொருளாம். கடினமாக வந்தாலும் பயம், சுலபமாக வந்தாலும் பயம். அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

ஒண்ணேகால் கேள்விதானே என்று நினைத்ததில்தான் என் தப்பு ஆரம்பித்தது. தாளின் முதல் பக்கத்தில் பாடப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. நெட்வொர்க் பட்டை ஓரளவு நீளம், பாதுகாப்பும் அப்படித்தான், பேக்கப் சுமார். கண்காணிப்பு பட்டைதான் மிகக் குட்டை. பாதிகூட இல்லை. வேலையில்லாத அந்த எட்டு மாதம் போக, பதினொரு வருடமாக நான் செய்யும் வேலையே அதுதான். அந்தக் குட்டைப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பத்து நாளில் ஒன்பது நாள் அந்த ஒரு பிரிவையே படித்தேன். அலுவலகத் திரைகளைப் பார்க்கும் நான், ஒரு சிவப்பு தெரிந்தால் அதை நோக்கி ஓடத்தானே பழகியிருக்கிறேன். பத்தாம் நாள் காலை ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். கண்காணிப்பில் எல்லாம் சரி. நெட்வொர்க்கில் முன்பு தெரிந்ததே மறந்துபோயிருந்தது. மொத்தம் முன்பைவிடக் குறைவு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் மேசையைத் துடைத்துவிட்டு மனைவி ஒரு வெள்ளைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வேலையை விடுவதென்றால் ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுக்க வேண்டும், நாளை கொடுத்துவிடுகிறேன் என்றாள். 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதினால் போதுமா, காரணம் கேட்பார்களா என்று என்னிடம் யோசனை கேட்டாள். அவள் வலது மேல் மூலையில் தேதி எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் நான்கு வரிதான். அந்த நான்கு வரிக்குள் நான் வாயைத் திறக்க வேண்டும். எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அவள் எழுதும் தாளின் மேலேயே வைத்தேன்.

"என்ன, என்னையும் படிக்க வைக்கறீங்களா?"

"முன்னூத்திப் பன்னெண்டாம் பக்கம்" என்றேன்.

அவள் பிரித்தாள். தாள்களை விரித்தாள். படித்தாள். பேனாவின் மூடியை எடுத்து மெதுவாக மாட்டினாள்.

"எத்தனை நாளா?"

"பத்து நாள்."

"எங்க லேப்ல ஒரு ரிப்போர்ட்டைப் பத்து நாள் டிராயர்ல போட்டு வச்சா, வாங்கிட்டுப் போக ஆளே இருக்க மாட்டான்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சுவர்க் கடிகாரமும் மாமாவின் குறட்டையும் மாறி மாறிக் கேட்டன. மௌனம் என் வீடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவளுடைய மௌனத்தில் கதவு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. தேர்வு அறையில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்: மாமா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், நான் திருத்துவதற்குள்... கையை உயர்த்தி நிறுத்தினாள்.

பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் தாளைத் திருப்பி, அதன் அடியில் எறும்பு மாதிரி ஊர்ந்த சின்ன எழுத்துகளுக்குப் போனாள். பரிசோதனைக்கூடத்துக்காரர்கள் எந்த அறிக்கையையும் அடியிலிருந்துதான் படிப்பார்களாம். எண்ணை முதலில் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடுமாம். நான் அந்தத் தாளைப் பத்து நாளில் நூறு முறை பார்த்திருப்பேன். அடிக்குறிப்பை ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

"இதை வாய்விட்டுப் படிங்க" என்றாள்.

படித்தேன். மதிப்பெண் அளவுகோல் நூறிலிருந்து ஆயிரம்வரை. வக்கீலின் ஒண்ணேகால் கேள்விக் கணக்கையும், ஒன்பது நாள் கண்காணிப்பை மட்டுமே படித்ததையும் சொன்னேன்.

"அப்ப எல்லாம் தப்பாப் போட்டாலும் நூறு வரும். பூஜ்யத்துல ஆரம்பிக்காத அளவுக்கு எப்படிச் சதவீதம் போடறது? அறுபத்தெட்டும் இல்ல, ஒண்ணேகால் கேள்வியும் இல்ல. உங்க வக்கீல் வகுத்தது எல்லாம் வீண்."

அடுத்த வரி: ஒருவருக்கு வரும் கேள்வித்தாள் இன்னொருவருக்கு வராது, தாள்களின் கடினத்துக்கு ஏற்ப மதிப்பெண்கள் சமன்படுத்தப்படும். இது எனக்குப் புரியாத வரி. அவளுக்கு அது தினசரி வேலையாக இருந்தது. ரத்தத்தோடு கலந்து சோதிக்கும் மருந்துத் திரவத்தில் புதுப் புட்டி திறந்தால் அதே ரத்தம் கொஞ்சம் வேறு நிறம் காட்டுமாம். அதற்காக நோயாளிக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று எழுதுவார்களா? புட்டிக்குப் புட்டி ஒரு திருத்தம் உண்டு; அதைப் போட்ட பிறகுதான் எண்ணை அறிக்கையில் ஏற்றுவார்கள். "உங்க கேள்வித்தாள் ஒரு புட்டி. பக்கத்து ஆளோடது வேற புட்டி. எழுநூறுங்கறது மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு" என்றாள்.

பட்டைகளைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. பட்டையின் நீளம் அந்தப் பிரிவுக்குள் எவ்வளவு சரி என்பதை மட்டும் காட்டும். எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே எடை இல்லை. கண்காணிப்புக்கு எடை பத்தில் ஒன்று. மதிப்பெண்ணுக்குக் கணக்காகும் கேள்விகளில் ஐந்தோ ஆறோ.

"அஞ்சு கேள்வியில மூணு தப்புன்னா பட்டை பாதிக்குக் கீழ போயிடும். இது வியாதி இல்லங்க. சாம்பிள் சின்னது. இதுக்கா ஒன்பது நாள் வைத்தியம் பாத்தீங்க?"

கடைசி வரியைப் படித்தபோது என் குரல் மாறியது எனக்கே கேட்டது. அறுபத்தைந்தில் பதினைந்து கேள்விகள் வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. அவை மதிப்பெண்ணில் சேரா. எவை என்று அடையாளம் காட்டப்படாது.

பதினோராவது கேள்வி, அந்தப் பதினெட்டு நிமிடங்கள், தொடாமல் விட்ட ஏழு கேள்விகள், எல்லாம் ஒன்றாக நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. அவளிடம் சொன்னேன். அவள் முதல் முறையாக லேசாகச் சிரித்தாள்.

"தினம் காலைல மெஷின்ல முதல்ல கன்ட்ரோல் போடுவோம். அது யாரோட ரத்தமும் இல்ல. மெஷின் ஒழுங்கா இருக்கான்னு பாக்கறதுக்கு. இந்தப் பதினஞ்சும் அப்படித்தான். உங்களைச் சோதிக்கல, கேள்வியைச் சோதிக்கறாங்க. நீங்க கன்ட்ரோலைக் கையில வச்சுக்கிட்டுப் பதினெட்டு நிமிஷம் அழுதிருக்கீங்க."

அப்படியானால் தெரியாத கேள்வி வந்தால் கணக்கில் வராத கேள்வி என்று விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவள் முகம் உடனே இறுகியது.

"அது மட்டும் கூடாது. எது கன்ட்ரோல்னு உங்களுக்குத் தெரியாது. எல்லாமே நோயாளி ரத்தம்னு நினைச்சுப் பாருங்க. ஆனா ஒண்ணுக்காக வரிசையை நிறுத்தாதீங்க. தப்புக்குக் கழிக்க மாட்டாங்கன்னு போட்டிருக்குல்ல? எதையாவது போட்டுட்டு நகருங்க."

தேதி மட்டும் எழுதியிருந்த தன் கடிதத்தை மடித்து முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினாள். இதுவும் அங்கேயே இருக்கட்டும் என்றாள். மாமாவிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், அவர் பதினாறு பேருக்குச் சொல்லியிருக்கிறார், ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு இல்லை என்று சொல்லவைக்காதீர்கள் என்றாள். எழுந்து போகும்போது திரும்பாமலே ஒன்று சொன்னாள்.

"தோத்தது பரவாயில்ல. என்னை வச்சுக்கிட்டே பத்து நாள் தனியா இருந்தீங்க பாருங்க, அது பரவாயில்லன்னு சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

மிச்சமிருந்த மூன்று நாளும் எடை அதிகமுள்ள பிரிவுகளைப் படித்தேன். அவள் சாயங்கால லேபுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் சமையலறையில் நின்றபடி கேள்வி கேட்பாள். நான் ஒரு விடையில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் யோசித்தால் கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டு. அடுத்தது. மாமா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தேறிய பிறகும் படிக்கும் மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று யாரிடமோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். பயம் போகவில்லை. ஆனால் அதைத் தூக்க இன்னொரு கை இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி. அதே மாடி, அதே அம்மாள், அதே காது பரிசோதனை. "மறுபடியுமா?" என்று கேட்டார். ஆறுதலாகத்தான் கேட்டிருப்பார். எனக்குத் தீர்ப்பு மாதிரிக் கேட்டது. பக்கத்து மேசையில் ஒரு இளம்பெண் வேறு ஏதோ தேர்வுக்காக மழை மாதிரித் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

முதல் எட்டுக் கேள்விகளும் சுலபமாக இருந்தன. அதுதான் பயங்கரம். வக்கீலின் குரல் காதுக்குள் கேட்டது: சும்மா உட்காரவைத்திருக்கிறது. புட்டிக்குப் புட்டி திருத்தம் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பதாவதில் மறுபடி அந்த வகைக் கேள்வி வந்தது, முன்பின் கேட்டிராத பெயரோடு. கரண்டிச் சத்தத்தை நினைத்துக்கொண்டு, இருப்பதில் நியாயமாகத் தெரிந்ததை அமுக்கி, பிறகு பார்க்கக் குறியிட்டு நகர்ந்தேன். இருபத்திரண்டாவது அதே மாதிரி. முப்பதாவது அதே மாதிரி. எல்லாமே தெரியாத மாதிரி இருந்த ஒரு கட்டம் வந்தது. பதினைந்தைத் தாண்டிவிட்டேனோ என்று எண்ணத் தொடங்கினேன். எண்ணுவதிலேயே இரண்டு நிமிடம் போனது.

நாற்பத்தொன்றாவது கேள்வியில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். மேற்பார்வையாளர் அம்மாள் குனிந்து நின்றார்.

"சார், கேள்வியை வாய்விட்டுப் படிக்கறீங்க. கேமரால தெரியுது. இது முதல் எச்சரிக்கை. இன்னொரு தடவை ஆச்சுன்னா தேர்வை மூடிடச் சொல்லிடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மூன்று நாளாக மனைவிக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பழக்கம். உதடுகள் அசைந்தது எனக்கே தெரியவில்லை. என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பேசாதே என்று சொன்னதில்லை. ஆசிரியர்கள், அம்மா, மனைவி, மேலாளர், எல்லோரும் பேசு, பேசு என்றுதான் கெஞ்சியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்கக்கூடப் பயந்து தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகு இருபத்தைந்து கேள்விகளையும் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டே எழுதினேன். முடிவில் நாக்கில் உப்புக் கரித்தது. எல்லாவற்றையும் தொட்டிருந்தேன். நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. குறியிட்டவற்றில் இரண்டை மாற்றினேன். மாற்றியது சரியா என்று இன்றுவரை தெரியாது.

கருத்துக்கணிப்பு வந்தது. வெப்பநிலை, மிகவும் திருப்தி. ஊழியர்கள், மிகவும் திருப்தி.

பிறகு திரை வெள்ளையாக இருந்தது. ஐந்து நொடி இருக்கலாம். நான் எண்ணைத் தேடவில்லை. கையால் திரையின் நடுப்பகுதியை மறைத்துக்கொண்டு அடியிலிருந்து மேலே படித்தேன்: பதினைந்து கேள்விகள் சேரா, அளவுகோல் நூறிலிருந்து ஆயிரம், தேர்ச்சி எழுநூறு. கையை எடுத்தேன். எழுநூற்று ஒன்பது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கையை நீட்டினாள். தாளை வாங்கி அடியிலிருந்து படித்து, எண்ணுக்கு வந்து, நிமிர்ந்தாள். இரண்டு கால்களிலும் நேராக நின்றாள். மாமா அதை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தார். கணக்குப் போட்டார். அவர் முகம் வாடியது.

"அறுநூத்தி எண்பத்திரண்டு எழுநூத்தி ஒன்பது ஆயிருக்கு. பதினாலு நாள் உருகி உருகிப் படிச்சும் இருபத்தேழுதான் கூடிச்சா மாப்பிள்ளை?"

அவருக்கு உண்மையிலேயே தெரியாதா, ஞாயிற்றுக்கிழமை மதியம் குறட்டை நடுவில் எங்கேயாவது நின்றதா என்று நான் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் அடுத்தவர் கடிதங்களைக் கையாண்டவர். ஒட்டிய உறையைப் பிரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மேலாளர் முப்பதாம் தேதி சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்தார். வக்கீல் இருபத்தொன்பதாம் தேதி எழுநூறைத் தொடவில்லை. எவ்வளவு என்று யாரிடமும் சொல்லவில்லை, அதைப் பற்றி வாதாடவும் இல்லை. இப்போது வேறு ஊரில் கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றில் பாடம் எடுக்கிறார். மற்ற மூவரில் இருவர் தேறினார்கள். மனைவி முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கடிதத்தை எடுத்து, தேதியைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துச் சாயங்கால லேபை விட்டாள். மூன்று வருடத்தில் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தின் பொறுப்பாளர் ஆனாள். பரவாயில்லை என்று அவள் சொல்லக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. மாமா நான்கு வருடத்துக்கு முன் தூக்கத்தில் இறந்தார். அவர் அழைத்துச் சொன்ன பதினாறு பேரில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். சான்றிதழ் மூன்று வருடத்துக்கு மட்டும் செல்லும் என்பதால் நான் அந்தத் தேர்வை மேலும் இரண்டு முறை எழுதிவிட்டேன், இரண்டு முறையும் தேறினேன், இரண்டு முறையும் அதே பயம். அந்தத் தடித்த புத்தகத்தில் மட்டும் முன்னூற்றுப் பன்னிரண்டுக்கு மேல் நான் இன்னும் படிக்கவில்லை.